வெறும் தட்டின் எடை

எங்கள் ஊருக்குப் பெட்டி வந்த அன்று மழை பெய்தது. பெட்டிதான் பெய்ய வைத்தது என்று மறுநாளே இரண்டு பேர் சொன்னார்கள். "பெய்யும்னு பெட்டி முந்தின நாளே சொல்லிடுச்சாம்" என்றார் மூன்றாமவர். முந்தின நாள் பெட்டி ஊரிலேயே இல்லை. அதை யாரும் கேட்கவில்லை. கேட்டால் மழை நின்றுவிடும் என்று பயந்தார்களோ என்னவோ.

பெட்டி என்றால் கறுப்பு நிறம், சின்ன ஃபிரிட்ஜ் உயரம், முகத்தில் ஒரு நீல விளக்கு, வயிற்றில் ஒரு விசிறி. விளக்கு மினுங்கினால் பெட்டி யோசிக்கிறது. விசிறி இரைந்தால் ரொம்ப ஆழமாக யோசிக்கிறது. அது இரையும்போது சுற்றி நிற்பவர்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். எங்கள் ஊர் ஃபிரிட்ஜ்களும் இப்படித்தான் இரைகின்றன. அவற்றுக்கு இந்த மரியாதை கிடைத்ததில்லை.

பெட்டியோடு ஒரு மனிதர் வந்தார். கோட்டு உண்டு, டை இல்லை. வெளிநாட்டில் படித்தவர். எந்த வெளிநாடு என்றால் "பல" என்பார். எதைக் கேட்டாலும் ஒரே பதில் வைத்திருந்தார். "நான் சொல்லல. தரவு சொல்லுது."

தரவு என்பது வேறொன்றுமில்லை. நீங்களும் நானும் தினமும் சிந்திவிட்டுப் போகிற கணக்குதான். என்ன வாங்கினோம், எங்கே ஏறினோம், எங்கே இறங்கினோம், எத்தனை தடவை இருமினோம். இதையெல்லாம் பெட்டிக்குள் கொட்டினால் பெட்டி படித்துக்கொள்ளும். படித்த பிறகு நாளைக்கு நடக்கப்போவதைச் சொல்லும். நூற்றுக்குத் தொண்ணூற்றேழு சரியாக இருக்கும். ரொட்டியா, நோயா, பஸ்ஸா, படிப்பா, எதைப் போட்டாலும் அதே தொண்ணூற்றேழு. ஊர் அவருக்குத் "தொண்ணூத்தேழு சார்" என்றே பெயர் வைத்துவிட்டது.

முதல் அற்புதம் பேக்கரியில் நடந்தது. பேக்கரிக்காரர் நல்ல மனிதர். ரொட்டி சாயங்காலத்தில் மிஞ்சினால் வருத்தப்படுவார், மிஞ்சாவிட்டால் இன்னும் கொஞ்சம் போட்டிருக்கலாமோ என்று வருத்தப்படுவார். அவருடைய போன வருஷத்து விற்பனைக் கணக்கு முழுவதையும் தொண்ணூத்தேழு சார் வாங்கிப் பெட்டிக்குள் போட்டார். பிறகு கடை வாசலில் கூட்டம் கூட்டினார்.

"போன வருஷத்துல ஏதாவது ஒரு நாளைச் சொல்லுங்க."

பேக்கரிக்காரர் தன் மகள் கல்யாண நாளைச் சொன்னார். விளக்கு மினுங்கியது, விசிறி இரைந்தது. அன்று எத்தனை ரொட்டி விற்றது என்று பெட்டி எண்ணிக்கை காட்டியது. பேக்கரிக்காரர் உள்ளே ஓடிக் கணக்கைப் பார்த்தார். ஒரு ரொட்டி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. திரும்பி வந்தபோது அவருக்குக் கண் கலங்கியிருந்தது.

"என் பொண்ணு கல்யாணத்தன்னிக்கு நடந்தது இதுக்கு எப்படிங்க தெரியும்?"

எப்படித் தெரியும்? நேற்று அவரே கொடுத்தார். கொடுத்ததைத் திருப்பிக் கொடுக்க ஓர் அலமாரி போதும். அலமாரியில் நீல விளக்கு இல்லை, அதுதான் அதன் குறை.

இரண்டாவது அற்புதம் ஆஸ்பத்திரியில். ரத்தத்தில் வரும் ஓர் அபூர்வ நோய் யார் யாருக்கு இருக்கிறது என்று பெட்டி சொல்லும் என்றார்கள். நூறு பேர் வரிசையில் நின்றார்கள். பெட்டி ஒவ்வொருவருக்கும் "இல்லை" என்றது. ஒவ்வொருவரும் சிரித்துக்கொண்டே வெளியே வந்தார்கள். பிறகு ரத்தம் சோதித்துப் பார்த்ததில் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பேர் விஷயத்தில் பெட்டி சொன்னது சரி. அந்த நோயே நூற்றுக்கு மூன்று பேருக்குத்தான் வரும் ஐயா. எல்லாரையும் பார்த்து "இல்லை, இல்லை" என்று சொல்ல ஒரு கிளியைப் பழக்கியிருந்தால் அதுவும் தொண்ணூற்றேழு வாங்கியிருக்கும். மிச்ச மூன்று பேர்தான் நோயாளிகள். அவர்களைக் கண்டுபிடிக்கத்தானே பெட்டி வந்தது? அவர்களும் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போயிருந்தார்கள்.

மூன்றாவது, பஸ். சந்தை நிறுத்தத்தில் இனிமேல் ஆள் ஏற மாட்டார்கள், அங்கே நிற்பது நேர விரயம் என்றது பெட்டி. பஸ்கள் நிற்காமல் போயின. ஒரு மாதம் கழித்துத் தொண்ணூத்தேழு சார் கணக்கைக் காட்டினார். "பாருங்க. சந்தையில ஒருத்தர்கூட ஏறலை."

கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்பவனுக்கு மதி எங்கே போயிற்று என்பார்கள். எங்கள் ஊரில் மதி எங்கும் போகவில்லை. பாத்திரம் எடுத்துக்கொண்டு நெய் பிடிக்க வரிசையில் நின்றது.

அந்தச் சந்தை வழி பஸ்ஸை ஓட்டுகிறவர் ஒருவர் உண்டு. கை காட்டிக்கொண்டே ஓடி வருகிறவர்கள் பக்கக் கண்ணாடியில் சின்னதாகிக்கொண்டே போவதைத் தினமும் பார்த்தார். பார்த்தும் பெட்டியின் மேல் அவருக்கு நம்பிக்கை குறையவில்லை. "நமக்கென்னங்க தெரியும், பெட்டி பெரிய கணக்குப் போட்டிருக்கும்" என்று சக டிரைவர்களிடம் சொன்னார். அந்தப் பெரிய கணக்கு அவர் வீட்டுக்கும் வந்தது.

டிரைவருக்கு ஒரே மகள். பதினாறு வயது ஆகியும் வீட்டில் பாப்பாதான். பாப்பாவுக்கு மருந்தாளர் படிப்புப் படிக்க வேண்டும் என்று ஆசை. அதற்கு இந்த வருஷம் பள்ளி இறுதிப் பரீட்சை எழுதி ஓரளவு மார்க் வாங்கினால் போதும். ஓரளவு மார்க் அவள் எப்போதும் வாங்குகிறவள்தான்.

பள்ளிக்கூடத் தலைமையாசிரியருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் "சென்டம் சார்". தன் பள்ளியில் நூற்றுக்கு நூறு பேர் தேற வேண்டும் என்பது அவருடைய வாழ்நாள் கனவு. பாடம் நடத்தி அதை அடைவது கஷ்டம் என்று பல வருஷ அனுபவத்தில் தெரிந்துகொண்டிருந்தார். தேறாதவர்களை எழுதவிடாமல் நிறுத்திவிட்டால்? அதற்கு யார் தேற மாட்டார்கள் என்று முன்கூட்டியே தெரிய வேண்டும். அப்போதுதான் பெட்டி வந்தது. தாகத்தோடு நின்றவன் வாசலில் ஆறு வந்து நின்ற கதை.

பெட்டி ஒவ்வொரு பிள்ளையின் பெயருக்கு எதிரிலும் பச்சை அல்லது சிவப்பு வைத்தது. பாப்பாவுக்குச் சிவப்பு.

சென்டம் சார் டிரைவரைக் கூப்பிட்டு நாற்காலி கொடுத்தார். கெட்ட செய்தி சொல்கிறவர்கள் எப்போதும் நாற்காலி கொடுப்பார்கள்.

"பொண்ணு நல்ல பொண்ணுதான். ஆனா தேற மாட்டா."

"மார்க்கெல்லாம் சரியாத்தானே சார் வருது?"

"அது இதுவரைக்கும் வந்த மார்க். பெட்டி இனிமே வரப்போறதைப் பார்க்குது."

"எதனாலன்னு ஏதாவது சொல்லுச்சா சார்?"

"அதுக்குள்ள என்ன நடக்குதுன்னு யாருக்கும் தெரியாதுங்க. அதுதான் அதோட ஆழம். ஒரு வருஷம் வீட்டுல இருக்கட்டும். அடுத்த வருஷம் பச்சை வந்தா எழுதட்டும்."

டிரைவர் நன்றி சொல்லிவிட்டு வந்தார். மகள் படிப்பை நிறுத்தியவருக்கு நன்றி.

மூன்றாம் நாள் சாயங்காலம் டிரைவரின் அக்கா வீட்டுக்கு வந்தார். அந்த அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எடை அளவு ஆய்வாளர். கடைகளின் தராசு சரியாக இருக்கிறதா என்று பார்த்து முத்திரை வைக்கிற அதிகாரி. மெத்தை வைத்த மரப்பெட்டியில் பித்தளை எடைக்கற்களை எடுத்துக்கொண்டு கடை கடையாகப் போவதால் வியாபாரிகள் "கல்லு மேடம்" என்பார்கள். கடைக்குள் நுழைந்ததும் வணக்கத்துக்கு முன்னால் வெறும் தட்டைத்தான் பார்ப்பார். ஒன்றும் வைக்காத தட்டு பூஜ்யம் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் அந்தத் தராசின் கழுத்தில் சிவப்பு அட்டையைக் கட்டிவிட்டுத்தான் பேச ஆரம்பிப்பார். கடைக்காரர் நீட்டும் டீ அதுவரை ஆறிக்கொண்டிருக்கும்.

"பாப்பாவுக்குச் சிவப்பு வந்திருச்சு அக்கா" என்றார் டிரைவர், அம்மை வந்துவிட்டது என்று சொல்வதுபோல. "பெட்டியே சொல்லிடுச்சு. நாம என்ன பண்றது?"

டிரைவரின் மனைவி தையல் மெஷினை நிறுத்தினார். "நீங்களாவது கேளுங்க அண்ணி. மூணு நாளா இந்தப் பொண்ணு சாப்பிடவே இல்லை."

கல்லு மேடம் பாப்பாவைப் பார்த்தார். பாப்பா அழுது முடித்திருந்தாள். இப்போது கோபம்தான் மிச்சம்.

"நான் தோத்தாத் தோத்துட்டுப் போறேன் அத்தை. ஆனா நான்தானே தோக்கணும்? எனக்காக அந்தப் பெட்டி ஏன் தோக்குது?"

மறுநாள் காலையில் அத்தை பள்ளிக்கூடத்துக்குப் போனார். சென்டம் சார் அவருக்கும் நாற்காலி கொடுத்தார். அவர் உட்காரவில்லை.

"பெட்டி சொல்றது சரின்னு எப்படி சார் தெரியும்?"

"போன வருஷத்துப் பிள்ளைங்க ரிசல்ட்டைப் போட்டுப் பார்த்தோமே. தொண்ணூத்தேழு பேருக்குச் சரியாச் சொல்லுச்சு."

"அந்த ரிசல்ட்டை முன்னாடியே பெட்டிக்குக் குடுத்திருந்தீங்களா?"

"குடுக்காம எப்படிங்க அது படிக்கும்?"

"விடைத்தாளைக் குடுத்துப் படிக்க வச்சு, அதே வினாத்தாள்ல பரீட்சை வச்சிருக்கீங்க. உங்க பசங்க இப்படி எழுதினா நீங்க சென்டம் போடுவீங்களா, காதைத் திருகுவீங்களா?"

சென்டம் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மேடம், இது விஞ்ஞானம்."

"சரி. சிவப்பு வந்த பிள்ளைங்க எழுதலைன்னா, பெட்டி சொன்னது தப்புன்னு என்னைக்காவது தெரிய வருமா?"

"எழுதவே போறதில்லையே. அப்புறம் எப்படித் தப்பாகும்?" என்றார் சென்டம் சார், மனநிறைவோடு.

இந்தப் பதிலைச் சட்டம் போட்டு மாட்டலாம். நிற்காத பஸ்ஸில் யாரும் ஏறவில்லை; எழுதாத பரீட்சையில் யாரும் தேறவில்லை. பெட்டிக்கு எங்கும் வெற்றி.

அந்த வாரக் கடைசியில் நகர மண்டபத்தில் பெரிய விழா ஏற்பாடாகியிருந்தது. ஊர் ஆஸ்பத்திரியின் படுக்கை, குடிதண்ணீர்க் குழாய், பஸ், பள்ளிக்கூடம் எல்லாவற்றையும் ஐந்து வருஷத்துக்குப் பெட்டியிடம் ஒப்படைக்க நகர்மன்றத் தலைவி கையெழுத்துப் போடப்போகிறார். அதற்கு முன்னால் வெளிப்படையான சோதனை. "எந்தத் தரவையும் யார் வேண்டுமானாலும் கொண்டு வரலாம்" என்று சுவரெல்லாம் சுவரொட்டி.

கல்லு மேடம் சுவரொட்டியை இரண்டு முறை படித்தார். பிறகு தம்பி வீட்டுக்குப் போய் எல்லோரையும் சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்கார வைத்தார்.

டிரைவரிடம் பழைய பஸ் டிக்கெட் கட்டு ஒன்று இருந்தது. அதிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு டிக்கெட்டாக உருவி, அதன் கடைசி எண்களைச் சொன்னார். அந்த எண்தான் ஒரு பிள்ளையின் வீட்டுத் தூரம். அடுத்த டிக்கெட், பள்ளிக்கு வந்த நாட்கள். அடுத்தது, கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர். பாப்பா எழுதிக்கொண்டாள். பிள்ளை தேறியதா இல்லையா என்பதை அவள் அம்மா ஒரு காசைச் சுண்டிச் சொன்னார். தலை விழுந்தால் தேர்ச்சி, பூ விழுந்தால் தோல்வி. இப்படி ஒரு பள்ளிக்கூடமே அந்த மேசையில் பிறந்தது. பதினேழாம் பிள்ளைக்குச் சுண்டியபோது காசு உருண்டு தையல் மெஷினுக்கு அடியில் போய்விட்டது. பாப்பா துடைப்பத்தால் தள்ளி எடுத்தாள். பூ. பதினேழாம் பிள்ளை தோல்வி.

டிரைவருக்கு மனசு உறுத்தியது. "இல்லாத பிள்ளைங்களைப் பத்தி எழுதறோமே அக்கா. ஏமாத்து வேலை இல்லையா?"

"நான் தராசுல கல்லை வச்சுப் பார்க்கிறது ஏமாத்தாடா? அது கல்லுன்னு எனக்குத் தெரியும், தராசுக்குத் தெரியாது. அதுதான் சோதனை. இந்தக் கணக்குல ஒண்ணுமே இல்லைன்னு நமக்குத் தெரியும். வெறும் தட்டு. பெட்டி என்ன காட்டுதுன்னு பார்ப்போம்."

பட்டியலை அவர் இரண்டாகப் பிரித்தார். முதல் பாதியில் தேர்ச்சியும் தோல்வியும் இருந்தன. இரண்டாம் பாதியில் அந்த இடத்தைக் காலியாக விட்டு, விடைகளை மட்டும் தனி உறையில் போட்டு அரக்கு முத்திரை வைத்தார். முத்திரை வைப்பதுதான் அவர் தொழிலாயிற்றே.

விழா நாளன்று மண்டபத்தில் நிற்க இடமில்லை. பேக்கரிக்காரர் முன்வரிசையில் இருந்தார். பெட்டி சொன்னபடி ரொட்டி போட்டு மூன்று வாரமாக மிஞ்சிக்கொண்டிருந்தது. "நான்தான் மாவு சரியாப் பிசையலை போல" என்று பக்கத்தில் சொல்லிக்கொண்டிருந்தார். பெட்டி மேடை நடுவில், வெல்வெட் துணி மேல். விளக்கு மினுங்கியது. கைதட்டல்.

கல்லு மேடம் எழுந்தார்.

"எடை போடுற எந்தக் கருவிக்கும் இந்த ஊருல என் முத்திரை வேணும். இது எங்க பிள்ளைங்களை எடை போடுது. ஒரு சின்ன சோதனை."

கூட்டம் சிரித்தது. தொண்ணூத்தேழு சாரும் பெருந்தன்மையாகச் சிரித்தார். "தாராளமா. எந்தப் பள்ளிக்கூடத்துத் தரவு?"

"அதைக் கடைசியில சொல்றேன்."

முத்திரை வைத்த உறையை முதலிலேயே தலைவியின் கையில் கொடுத்துவிட்டார். பிறகு முதல் பாதிப் பட்டியலை நீட்டினார். அது பெட்டிக்குள் போயிற்று. விசிறி இரைந்தது. மண்டபம் மூச்சை அடக்கியது. திரையில் எண் வந்தது: தொண்ணூற்றேழு.

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. தொண்ணூத்தேழு சார் மேடை முன்னால் வந்தார்.

"இந்தப் பள்ளிக்கூடத்தைப் பெட்டி புரிஞ்சுக்கிட்டது. தூரத்துல இருந்து வர்ற பிள்ளைங்க தோக்குறாங்க. களைப்பு. ஆனா ரொம்பத் தூரத்துல இருந்து வர்றவங்க ஜெயிக்கிறாங்க. மன உறுதி."

"பதினேழாம் பிள்ளை ஏன் தோத்துது சார்?" என்று கேட்டார் கல்லு மேடம்.

அவர் திரையைக் கூர்ந்து பார்த்தார். விளக்கும் அவரோடு சேர்ந்து மினுங்கியது. "பதினேழு... வீட்டுல நிம்மதி இல்லை. அப்பா அம்மா சண்டை. பையன் யார்கிட்டயும் சொல்ல மாட்டான். நான் சொல்லல. தரவு சொல்லுது."

கூட்டம் உச்சுக் கொட்டியது. ஓர் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பெத்தவங்களுக்கு அறிவு வேண்டாம்?" என்றார் ஒருவர். டிரைவரின் மனைவி தலை குனிந்துகொண்டார். சிரிப்பை அடக்குவது அவருக்குப் பெரும்பாடாக இருந்தது.

"நல்லது" என்றார் கல்லு மேடம். "இது அதே பள்ளிக்கூடத்து மிச்சப் பிள்ளைங்க. இவங்க யார் தேறுனாங்க, யார் தோத்தாங்கன்னு பெட்டி சொல்லட்டும்."

தொண்ணூத்தேழு சார் தாளைப் புரட்டினார். "இதுல ரிசல்ட் காலியா இருக்கே?"

"ஆமா. அது தலைவி கையில இருக்கு."

"முழுத் தரவு இல்லாம..."

"எங்க பாப்பாவுக்குச் சிவப்பு போட்டீங்களே சார். அப்ப அவ ரிசல்ட் உங்ககிட்ட இருந்துச்சா?"

மண்டபத்தில் யாரோ இருமினார்கள். தலைவி பேனாவை மூடிவிட்டு, "போடுங்க சார், பார்த்துடலாம்" என்றார். வேறு வழியில்லை. போட்டார். விசிறி முன்னைவிடப் பலமாக இரைந்தது. பச்சையும் சிவப்புமாகப் பட்டியல் வந்தது. தலைவி உறையைக் கிழித்து விடைகளை வாசித்தார். பேக்கரிக்காரரைக் கரும்பலகையில் கோடு போடச் சொன்னார்கள். சரிக்கு ஒரு பக்கம், தப்புக்கு ஒரு பக்கம். பாவம், அவர் தப்புப் பக்கம் கோடு போடும்போதெல்லாம் பெட்டியைப் பார்த்து மன்னிப்புக் கேட்பதுபோல் தலையசைத்தார்.

முடிவில் இரண்டு பக்கமும் ஒரே உயரம். சரியாகச் சொன்னால், தப்புப் பக்கம் இரண்டு கோடு அதிகம்.

"பாதிக்குப் பாதிகூட இல்லையே" என்றார் தலைவி.

"இந்தப் பள்ளிக்கூடம் கொஞ்சம் விசித்திரமானது" என்றார் தொண்ணூத்தேழு சார். நெற்றி வேர்த்திருந்தது. "எந்தப் பள்ளிக்கூடம்னு சொன்னீங்கன்னா..."

கல்லு மேடம் கைப்பையைத் திறந்தார். ஒரு காசை எடுத்து மேசையில் வைத்தார்.

"இதுதான் அந்தப் பள்ளிக்கூடம். வேற பள்ளிக்கூடம் கிடையாது, பிள்ளைங்களும் கிடையாது. தூரம் எல்லாம் பஸ் டிக்கெட் நம்பர். தேர்ச்சி தோல்வி எல்லாம் எங்க வீட்டுல சுண்டிவிட்ட காசு. பதினேழாம் பிள்ளைக்கு வீட்டுல சண்டை இல்லைங்க. அது தையல் மெஷினுக்கு அடியில உருண்டு போச்சு. துடைப்பத்தால எடுத்தோம்."

கண்ணைத் துடைத்த அம்மா கைக்குட்டையை மெதுவாக மடித்து உள்ளே வைத்துக்கொண்டார்.

தொண்ணூத்தேழு சார் அவ்வளவு எளிதில் விழுகிறவர் இல்லை. "இது பொய்த் தரவு. குப்பையைப் போட்டா குப்பைதான் வரும். பெட்டி மேல என்ன தப்பு?"

"குப்பைன்னு பெட்டி சொல்லியிருந்தா இங்கயே முத்திரை குத்தியிருப்பேன் சார்" என்றார் கல்லு மேடம். குரல் உயரவே இல்லை. "சொல்லலையே. தொண்ணூத்தேழுன்னு சொல்லுச்சு. நீங்க களைப்புன்னீங்க, மன உறுதின்னீங்க, இல்லாத பையனுக்கு அப்பா அம்மா சண்டைன்னீங்க. நான் வச்சது வெறும் தட்டு. வெறும் தட்டுக்கு எடை காட்டுற தராசு, பிள்ளையை வச்சா என்ன காட்டும்? குடுத்த விடையை மனப்பாடமா ஒப்பிக்குது. குடுக்காததைக் கேட்டா காசு சுண்டுது. அதுக்கு எங்க வீட்டுக் காசே போதுமே, அது கரண்டும் இழுக்காது."

"அப்ப இந்த மாதிரி மெஷினே பொய்யா மேடம்?" என்று கேட்டார் தலைவி, பாவமாக.

"தராசு மேல எனக்கு என்னம்மா கோபம்? ஒழுங்கான தராசு ஆயிரம் இருக்கு. பார்க்காத பிள்ளையை வச்சுச் சோதிச்சுட்டு, இத்தனை தப்பு வரும்னு அதுவே சொல்ற மெஷின் வந்தா முதல் ஆளா முத்திரை குத்துவேன். தட்டுல கட்டை விரலை வச்சு அழுத்துற ஆள் மேலதான் கோபம்."

கூட்டத்தின் பின்வரிசையில் முதல் சிரிப்பு கேட்டது. சந்தை நிறுத்தத்தில் ஒரு மாதமாகப் பஸ்ஸைத் துரத்திக்கொண்டிருந்த ஒருவர். அவர் சிரித்ததும் மண்டபம் முழுக்கப் பற்றிக்கொண்டது. நேற்று வரை பெட்டிக்கு முன்னால் குரலைத் தாழ்த்தியவர்கள்தான் அதிகம் சிரித்தார்கள். எப்போதும் அப்படித்தான்.

சிரிப்புக்கு நடுவே பாப்பா எழுந்து நின்றாள். நேராகச் சென்டம் சாரைப் பார்த்துக் கேட்டாள்.

"நான் பரீட்சை எழுதலாமா சார்?"

சென்டம் சார் பழக்க தோஷத்தில் பெட்டியின் பக்கம் திரும்பினார்.

"பெட்டியைப் பார்க்காதீங்க சார். என்னைப் பாருங்க. ரெண்டு வருஷமா உங்க கிளாஸ்ல மூணாவது பெஞ்சுலதானே உட்கார்ந்திருக்கேன்."

சென்டம் சார் அவளைப் பார்த்தார். இரண்டு வருஷத்தில் அதுதான் முதல் தடவையாக இருக்க வேண்டும். "எழுதும்மா" என்றார். "சிவப்பு வந்த எல்லாரும் எழுதட்டும்."

டிரைவர் இருந்த இடத்திலிருந்தே தலைவியிடம் கேட்டார். "அப்ப நாளையில இருந்து சந்தையில நிறுத்தலாமாங்க?" தலைவி தலையசைத்தார். ஆஸ்பத்திரி வாசலில் சிரித்துக்கொண்டு போன அந்த மூன்று பேரை முதலில் தேடிக் கூட்டி வரும்படியும் சொன்னார். கல்லு மேடம் மேடையேறிப் பையிலிருந்து ஒரு சிவப்பு அட்டையை எடுத்தார். கள்ளத் தராசுகளின் கழுத்தில் கட்டுகிற அதே அட்டை. பெட்டிக்குக் கழுத்து இல்லாததால் நீல விளக்கின் மேலேயே கட்டினார். கொஞ்ச நேரத்தில் தொண்ணூத்தேழு சாரைக் காணோம். பெட்டியை விட்டுவிட்டுத்தான் போயிருந்தார். திறந்து பார்த்தால் உள்ளே ஒரு பழைய கம்ப்யூட்டர், ஒரு மேசை விசிறி, நிறையக் காலியிடம். இப்போது பக்கத்து ஊரில் பச்சை விளக்கு வைத்த பெட்டியோடு இருக்கிறாராம். அங்கே தொண்ணூற்றெட்டாம். முன்னேற்றம்தான்.

பாப்பா பரீட்சை எழுதினாள். தேறினாள். சென்டம் இல்லை, மருந்தாளர் படிப்புக்குப் போதுமான மார்க். சிவப்பு வந்த மற்றவர்களில் பெரும்பாலோர் தேறினார்கள். சிலர் தோற்றார்கள். ஆனால் அவர்களே எழுதி, அவர்களே தோற்றார்கள். திரும்ப எழுதுவார்கள்.

கதை இங்கே முடிந்திருந்தால் எங்கள் ஊரைப் பற்றி நானும் பெருமையாகப் பேசியிருப்பேன். ரிசல்ட் வந்த மறுநாள் காலையில் கல்லு மேடத்தின் அலுவலக வாசலில் ஒரு வரிசை நின்றது. முதல் ஆளாகப் பேக்கரிக்காரர்.

"மேடம், அந்தக் காசை ஒரு நாளைக்குக் குடுங்களேன்."

"எந்தக் காசு?"

"பெட்டியையே தோக்கடிச்ச காசு. அதுல ஏதோ இருக்குன்னு ஊரே பேசுது. நாளைக்கு எத்தனை ரொட்டி போடலாம்னு ஒரே ஒரு தடவை சுண்டிப் பார்த்துட்டுத் தந்துடறேன்."

கல்லு மேடம் அவரை வெகுநேரம் பார்த்தார். பித்தளைக் கல் ஒன்றை எடுத்துத் தலையில் போட்டுவிடுவாரோ என்று பின்னால் நின்றவர்கள் இரண்டடி நகர்ந்தார்கள்.

"நேத்து எத்தனை ரொட்டி மிஞ்சுச்சு?" என்று கேட்டார்.

"எண்ணலையே மேடம்."

"முந்தாநாள்?"

"பெட்டி வந்தப்பவே எண்றதை விட்டுட்டேன்."

"அந்தக் காசுக்கு நேத்தே ஒரு டீ குடிச்சுட்டேன்" என்றார் கல்லு மேடம். "போய் ரொட்டியை எண்ணுங்க."

வரிசை முணுமுணுத்துக்கொண்டே கலைந்தது. போகிற வழியில் ஒருவர் மட்டும் ரகசியமாகக் கேட்டார்: "எந்த டீக்கடைன்னு தெரியுமா?" இப்போது அந்தக் கடை வாசலில் கூட்டம். கல்லாவில் இருக்கும் ஒவ்வொரு காசையும் தடவிப் பார்க்கிறார்கள். இவர்கள் தோளுக்கு மேலே இருப்பதும் ஒரு பெட்டிதான், அதில் விளக்கு எரிகிறதா என்று மட்டும் ஒருவரும் தடவிப் பார்க்கவில்லை.